எர்வினின் காகிதங்களும் உன் அப்பாவும்

டேனி,

உன் வழியனுப்பு ஜெபத்தன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "குனி." ஜெபம் முடியும் நேரத்தில் போதகர் அப்பாவைக் கூப்பிட்டு, மகன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கச் சொன்னார். நம் சபையில் வெளிநாடு போகிற எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளை முட்டி போடும், இல்லையென்றால் தலையையாவது குனியும். அப்பா உன் தோள் உயரம்தான் இருப்பார். கையைத் தூக்கிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார். நீ சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபடி நிமிர்ந்தே நின்றாய். அவர் கை பாதியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தது, தோளில் தட்டியது, கீழே இறங்கிவிட்டது. போதகர் ஆமென் என்றார், எல்லோரும் ஆமென் என்றோம். நான் உனக்குப் பின்னால், கை நீட்டினால் உன் முதுகைத் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மெல்லச் சொல்லியிருந்தால்கூட உனக்குக் கேட்டிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் பல தடவை கேட்டுக்கொண்டேன். காலையில் நடந்ததில் உனக்கு எவ்வளவு கோபமோ, அதில் பாதி எனக்கும் இருந்தது. அதுதான் உண்மை. நீ எரிந்து விழுந்தபோது அப்பா முகம் சுருங்கியதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தேன். ஒரு பெண் மனதுக்குள் ஒரே சமயத்தில் தாயாகவும் மனைவியாகவும் இருப்பது எளிது என்று நினைக்காதே. அன்று நான் இரண்டுமாக இல்லை. பழைய தாள்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தவளாக மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்று போன வாரம் உன்னிடம் சொன்னபோது, "எழுதிக்கங்கம்மா, அப்பா பேர மட்டும் போட்டுறாதீங்க" என்றாய். போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற இடத்தில் உன்னை என் தம்பியா என்று கேட்டவர்கள் உண்டு. மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிற வயதா இது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ போய்விட்டாய். நேரில் சொல்ல வாய் வராததை எழுதித்தான் ஆக வேண்டும்.

உனக்கு இந்தக் காகிதப் பித்தைத் தொடக்கி வைத்ததே அப்பாதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீ பதினாறு வயதில் நாலாம் பாரம் படிக்கும்போது சிரம்பானில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தைக்குக் கூட்டிப்போய், ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் படம் போட்ட பண நோட்டு ஒன்றை வாங்கித் தந்தார். "இத வச்சு ஒரு முட்டகூட வாங்க முடியாது, ஆனா பாரு, அம்புட்டு அழகா அச்சடிச்சிருக்கான்" என்று சிரித்தார். நீ அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாய். நோட்டிலிருந்து தபால் தலைக்குப் போனாய், தபால் தலையிலிருந்து சிப்பாய்களின் காகிதங்களுக்கு. மற்ற பையன்கள் காலணி வாங்கிய காலத்தில் நீ மந்தினில் நாசி லெமாக் சோற்றுக் கடையில் சனி ஞாயிறு நின்று சேர்த்ததையெல்லாம் தபாலில் வரும் அட்டை உறைகளுக்குக் கொடுத்தாய். அப்படி வந்தவன்தான் எர்வின்.

அந்த உறையை நீ சாப்பாட்டு மேசையில் பிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. மேசையைத் துடைத்துவிட்டு, மறுபடியும் துடைத்துவிட்டு, பருத்தித் துணி விரித்தாய். ஜெர்மன் சிப்பாய் ஒருவனின் அடையாளமும் சம்பள விவரமும் அடங்கிய சிறிய புத்தகம் ஒன்று, உள்ளே ஒரு புகைப்படம். காது விரிந்த, கழுத்து மெலிந்த பையன். ரொட்டிக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தவன் என்று நீ படித்துச் சொன்னாய். அதோடு சில தனித் தாள்கள்: காயம் பட்டதற்கான சான்றிதழ், மருத்துவமனையில் சேர்த்த சீட்டு, பென்சிலால் எழுதிய ஒரு விண்ணப்பம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா சீனி வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "யாருலா இந்த வெள்ளக்காரப் பையன்? பொண்ணு வீட்டுக்குக் காட்டற போட்டோவா? ரொம்ப ஒல்லியா இருக்கானே, வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். நாம் சிரித்தோம். பிறகு நான் அந்தப் புத்தகத்தின் அட்டையில் கழுகையும் அதன் காலடியில் இருந்த ஸ்வஸ்திகாச் சின்னத்தையும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

இது வீட்டுக்குள் வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் சின்னத்தின் கீழே என்னென்ன நடந்தது என்று நான் படித்திருக்கிறேன், நீயும் படித்திருந்தாய். "அதுக்காகத்தாம்மா வச்சிருக்கேன். தூக்கிப் போட்டுட்டா நடக்கலன்னு ஆயிடுமா?" என்று கேட்டாய். இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் ஒன்றை அப்போதே கவனித்தேன். எர்வின் மேல் பட்ட ஒவ்வொரு குண்டுக்கும் அதில் தேதியும் முத்திரையும் இருந்தன. தொடையில் ஒன்று, கையில் ஒன்று, எந்த மருத்துவமனை, எப்போது திரும்பிப் போனான் எல்லாம் இருந்தது. அவன் யாரைச் சுட்டான் என்பது எந்தத் தாளிலும் இல்லை. நீ சேர்ப்பதை நிறுத்தச் சொல்லி இதைச் சொல்லவில்லை, சேர்த்துக்கொண்டே இரு. ஒரு காகிதம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ அவ்வளவு ஜாக்கிரதையாக, அது யாரை விட்டுவிட்டது என்று தேடிப் பார். உன்னைப் போன்ற சேகரிப்பாளனுக்கு என்னால் தர முடிந்த ஒரே புத்திமதி அதுதான்.

அன்று அப்பா சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை ஆட்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, வெயிலோடு வீட்டுக்கு வந்தார். நீ அவருக்கும் காட்டினாய். அவர் நேராகப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தது உனக்கு வேடிக்கையாக இருந்தது. "சாப்பாடு இல்லப்பா, தாளு" என்றாய். அவர் தொடவேயில்லை. காயச் சான்றிதழைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குண்டடி பட்டதுக்கு சர்டிபிகேட்டா?"

"ஆமாம்பா. எத்தன தடவ பட்டிருக்குன்னு பாத்து ஒரு பதக்கம் குடுப்பாங்க. அதுக்கு இது அத்தாட்சி."

"கையெழுத்துப் போட்டு, சாப் குத்தி..." அப்பா அந்த முத்திரையைக் காற்றிலேயே விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். "எங்க தாத்தாவ ஜப்பான்காரனுங்க சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போனானுங்க. தோட்டத்துலேருந்து ஒரு லோரி நெறைய ஆளு. தாத்தா திரும்பல. போனாருன்னு ஒரு சீட்டு இல்ல, செத்தாருன்னு ஒரு சீட்டு இல்ல. பாட்டி சாகற வரைக்கும் பொட்டு வச்சிருந்திச்சாம், என்னா செய்யறதுன்னு தெரியாம." அப்புறம் எர்வின் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா பத்தரமா வையிடா. இவன் குடுத்து வச்சவன்."

அந்தக் கடைசி வார்த்தை உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நீ அதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாய்.

அந்தக் காகிதங்களைப் படிக்கத்தான் நீ ஜெர்மன் மொழி கற்கத் தொடங்கினாய். மொழி வந்ததால் அந்த நாட்டிலேயே தொழிற்பயிற்சிக்கு எழுதிப் போட்டாய், இடமும் கிடைத்தது. நடுவில், மருத்துவரின் கையெழுத்தில் ஒரு வார்த்தை புரியாமல், சேகரிப்பாளர்கள் கூடும் இணையப் பக்கத்தில் படம் போட்டுக் கேட்டாய். பதில் சொன்னவர்களில் ஒரு வயதான பெண்மணி இருந்தார். அவர் வார்த்தையைச் சொல்லவில்லை. அந்தப் பெயர் தன் அப்பாவுடையது என்றார். அவர்தான் இங்க்ரிட் அம்மா. எர்வின் போரிலிருந்து திரும்பி, ரொட்டிக் கடை வைத்து, கிழவனாகிச் செத்திருக்கிறார். பிறகு அவருடைய இரண்டாம் மனைவியும் இறந்தபோது, வீட்டைக் காலி செய்தவர்கள் மேசை நாற்காலியோடு காகிதங்களையும் விற்றுவிட்டிருக்கிறார்கள். மகளுக்குத் தெரியவே தெரியாது.

விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். வேண்டாம், நானே அங்கே வருகிறேன், கையில் கொண்டுவந்து தருகிறேன் என்று நீ எழுதினாய். அன்று உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு நீ இன்னொன்றும் எழுதினாய். பென்சிலில் எழுதிய அந்த விண்ணப்பம் மட்டும்தான் எர்வினின் சொந்தக் கையெழுத்து. காயம் ஆறும்வரை ஊருக்குப் போய்வர அனுமதி வேண்டும், அம்மா தனியாகக் கடையை நடத்துகிறார் என்று கேட்டிருந்தான். குறுக்கே யாரோ சிவப்பு மையில் மறுத்திருந்தார்கள். பையன் அழுத்தி எழுதியிருந்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்துகள் தட்டுப்படும். நீ எனக்கும் தடவிக் காட்டினாய், அவருக்கும் எழுதினாய். இங்க்ரிட் அம்மா பதிலில், எனக்கு மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கண் சரியாகத் தெரியாது, விரல் தெரியும் என்றார். நீ அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய்.

இனி அந்தச் சனிக்கிழமை. ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க லெட்சுமி அக்காவும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா கோழி வாங்கப் பாசாருக்குப் போனவர், வர நேரமானது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் கையில் கோழி ஒரு பையில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு இன்னொரு பையில். உன்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா. இனிமே மழ பேஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. அங்க ஸ்னோ வேற கொட்டும்லா."

நீ செய்தித்தாளைப் பிரித்தாய். சான்றிதழ், சீட்டு, விண்ணப்பம், ஒவ்வொன்றும் தடித்த பிளாஸ்டிக்குக்குள், ஓரம் வட்டமாக வெட்டி, பளபளவென்று. நீ விண்ணப்பத்தைத் திருப்பினாய். பின்பக்கத்தை விரலால் தடவினாய்.

"புக்க மட்டும் கடக்காரன் முடியாதுன்னுட்டான்" என்றார் அப்பா. "தடியா இருக்குதாம், மெஷின்ல போவாதாம். நான் வுட்டனா, ஏடு ஏடா பிரிச்சுப் போடுன்னேன். அவன்தான் மாட்டேன்னுட்டான்."

"யாருப்பா உங்கள இதத் தொடச் சொன்னா?"

"ஏன்டா, பத்தரமா—"

"இது ஐசி காப்பி இல்லப்பா! தண்ணி பில்லு இல்ல! அந்தம்மா இதத் தொட்டுப் பாக்கணும்னு கேட்டாங்க. எழுபது தாண்டுன ஆளு. நான் வாக்குக் குடுத்துட்டேன். இப்ப என்னத்தத் தொடுவாங்க? பிளாஸ்டிக்கத் தொடுவாங்களா?"

"மேல இருக்கற பிளாஸ்டிக்க வேணும்னா ஓரமா கிழிச்சு..."

"கிழிச்சா தாளும் கிழியும்! சூடு வச்சு ஒட்டிருக்கான். இனிமே இது குப்ப. கொஞ்சமாச்சும் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

லெட்சுமி அக்கா பாவம், சமாதானம் செய்யப் பார்த்தார். "விடு தம்பி. ஒங்கப்பா எங்க வீட்டு முருகன் படத்துக்கே லாமினேட் போட்டுக் குடுத்தவரு. வுட்டா என்னையே மெஷின்ல வச்சு எடுத்துருவாரு." யாரும் சிரிக்கவில்லை. அப்பா கோழியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோழி கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

நீ சொன்னதில் ஒரு வார்த்தை தவிர எல்லாம் சரி. அந்தத் தாள் கெட்டுத்தான் போனது. அப்பா கேட்காமல் எடுத்திருக்கக் கூடாது. தப்பு தப்புதான், காரணம் சொல்லி அதைச் சரியாக்க இதை எழுதவில்லை. சரியில்லாத அந்த ஒரு வார்த்தை "படிச்சிருந்தா". அதைப் பற்றி மட்டும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் லாமினேட் ஆகாத தாள் இல்லை என்று நீயும் நானும் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறோம். உன் ஞானஸ்நான அட்டை, பாலர் பள்ளியில் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய மூன்றாம் பரிசு, எங்கள் கல்யாணப் பத்திரிகை, நாய்க்கு ஊசி போட்ட சீட்டு. பஸ்ஸில் வரும் நேப்பாளத்து ஆட்களிடம்கூட, பெர்மிட்டை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் போட்டு வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். அது ஒரு மனுஷனின் கோணங்கித்தனம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கவிட்டேன், ஏனென்றால் அவர் சொல்லக் கூடாது என்றிருந்தார். "பையங்கிட்ட சொல்லாத. கேவலமா இருக்கும்." போன வாரம்தான், டேனிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, "எழுது, எழுது. இப்பத்தான் கார்டு இருக்கே" என்றார்.

அப்பா பிறந்தது கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில். அவருடைய அம்மா அப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தது தோட்டத்துக்கு வந்துபோன ஓர் உபதேசியார். ஜெபம் நடந்தது, விருந்து நடந்தது, அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் பிறப்புப் பத்திரம் எடுத்திருந்தார்கள். அதைத் துணிப்பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்தார்கள். கரையான் தின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில் வகுப்பே பஸ் ஏறி அடையாள அட்டையான ஐசி எடுக்கப் போனது. அவரை மட்டும், நீ அப்புறம் போகலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை. அலுவலகத்துக்குப் போனால், அம்மா அப்பா கல்யாணத்துக்கு அத்தாட்சி கொண்டு வா, பிறந்ததற்குச் சாட்சி கொண்டு வா, அதைக் கொண்டுபோனால் வேறொன்று. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. அவருக்குக் கணக்கு நன்றாக வரும். உனக்குக் கூட்டல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைத்துப் பார். அவர் படிக்காமல் போனதற்குக் காரணம் தலை இல்லை, டேனி. ஒரு தாள்.

ஐசி இல்லாதவன் லைசன்ஸ் எடுக்க முடியாது, மலை இறங்கிச் சிரம்பானுக்கு வர முடியாது. வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன காட்டுவது? எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே இருந்தார். நான் அவரை முதலில் பார்த்தது சபைகளெல்லாம் சேர்ந்து பாடிய ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில். தோட்டத்துப் பாடகர் குழுவோடு லோரியின் பின்னால் ஒளிந்து வந்திருக்கிறார், எனக்கு அது தெரியாது. அடுத்த மாதம் சிரம்பான் பஸ் நிலையத்தில் சந்திப்பதாகச் சொன்னார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் காத்திருந்தேன். வரவில்லை. ஏமாற்றுக்காரன் என்று முடிவு செய்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவருடைய தங்கச்சி வந்து சொன்னாள்: அன்று மலைப் பாதையில் போலீஸ் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, காட்டு வழியாகத் திரும்பி நடந்திருக்கிறார். அவளைத் தூது அனுப்பியதுகூட நான் தப்பாக நினைக்கக் கூடாது என்றுதான். "எங்கண்ணனுக்கு ஐசி இல்ல. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். எனக்குப் பதினெட்டு வயது. எவ்வளவோ கதைகள் படித்திருந்தேன், ஒரு தாள் இல்லாததால் ஒருவன் ஒளிந்து வாழ்வான் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

பிறகு நான் சேர்ந்துகொண்டேன். பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தேடிக் கண்டுபிடித்தோம், அவர் கைநாட்டு வைத்தார். தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணி ஒருவர் கடிதம் தந்தார். கடைசியில் கார்டு கிடைத்தது. அன்று அப்பா தானே பஸ் ஏறிச் சிரம்பானுக்கு வந்து, அதே பஸ் நிலையத்தில், அதை வளைத்துக் காட்டினார். "பாரு. பிளாஸ்டிக். கரையான் தின்னாது." அதன் பிறகுதான் எங்கள் கல்யாணம். நீ பிறந்ததும் உன் பிறப்புப் பத்திரத்தை வாங்கிய கையோடு, வீட்டுக்குக்கூட வராமல், நேரே மந்தின் கடைக்குப் போனோம். உன்னைத் துண்டில் சுற்றி நான் வைத்திருந்தேன். மெஷினிலிருந்து அது சூடாக வெளியே வந்தபோது அப்பா ஊதி ஊதி ஆறவைத்து, "ஒனக்குப் பிரச்சின இல்லடா பயலே" என்று உன்னிடம் சொன்னார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஆகவே எர்வினின் தாளைப் பார்த்துக் கை கழுவிக்கொண்டு வந்தவர், மகன் அதைப் பனி நாட்டுக்கு எடுத்துப்போகிறான் என்றதும் என்ன செய்வார்? உலகத்தில் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையை அதற்குச் செய்தார். உனக்கு அது நாசம். இரண்டும் உண்மை. இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன்.

விமான நிலையத்துக்குப் போன வழியில் அப்பா ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார். இறங்கும்போது நீ "வர்றேம்ப்பா" என்றாய், அவர் "பாஸ்போர்ட்ட மேல் பையில வச்சிக்க" என்றார். திரும்பி வருகையில் நீலாய் பக்கம் காருக்கு எண்ணெய் போட நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அந்தம்மா வீட்டுல, யாரு செஞ்சதுன்னு கேப்பாங்கள்ல?" என்று கேட்டார். கேட்பார்கள் என்றேன். "என்னா சொல்லுவான்?" என்றார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் அந்த ஒரே கேள்விதான். நீ அங்கே போய் முறையாகத் தங்கி, வகுப்புத் தொடங்கி, இங்க்ரிட் அம்மா வீட்டுக்குப் போக நாள் குறிக்கும்வரை எத்தனையோ பேசினோம். எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. என் அப்பா படிக்காதவர், தோட்டத்து ஆள், அவருக்குத் தெரியாது என்று நீ சொல்லக்கூடும். ஒரு வேற்று நாட்டு மேசையில், காப்பிக்கும் கேக்குக்கும் நடுவில், நல்ல ஜெர்மனில் அதைச் சொல்லக்கூடும். அது பொய்யும் ஆகாது. ஆனால் சொல்லிவிட்டால் அப்புறம் அப்பா உனக்கு அந்த வாக்கியத்துக்குள் அடங்கிப்போவார் என்று பயந்தேன். ஊரை விட்டுப் போகிற பிள்ளைகள் பெற்றவர்களை இப்படித்தான் சின்னச் சின்ன வாக்கியங்களாக மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் என் அம்மாவைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறேன்.

மேலே எழுதியதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பியிருக்கலாம். பலமுறை தொடங்கினேன். அனுப்பினால், நீ அங்கே சொல்லப்போகும் பதிலை நான் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். உனக்கு இருபது வயது. அந்தப் பதில் உன்னுடையதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது துணிச்சலா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

நீ போய்வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மாலை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் முகம் போனில் தெரிந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயே தொடங்கினாய். அந்த அம்மா உன்னை வாசலில் வந்து கூட்டிப்போனது, புத்தகத்தில் இருந்த படத்தை முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தது, பிறகு விண்ணப்பத்தை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவியது, ஒன்றும் தட்டுப்படாமல் மறுபடி மறுபடி தடவியது.

"யாரு செஞ்சதுன்னு கேட்டாங்கம்மா."

அப்பாவின் கை தட்டில் நின்றது.

"நான்தான்னு சொல்லிட்டேன்" என்றாய். "வரும்போது மழையில நனைஞ்சுடும்னு பயந்து போட்டுட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன்."

ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியலம்மா, வாயில அதான் வந்துச்சு" என்றாய். அப்பாவுக்குக் கார்டு இல்லாமல் இருந்த கதை உனக்கு அப்போது தெரியாது. இப்போது இதைப் படிக்கும்போதுதான் தெரிகிறது. தெரியாமலே சொன்னாய் என்பதால்தான் இதையெல்லாம் இப்போது நிம்மதியாக எழுதுகிறேன்.

அப்பா போனைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தம்மா திட்டுனாங்களா?"

"இல்லப்பா. கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்பறம் எனக்கு இன்னொரு துண்டு கேக்கு வச்சாங்க."

"பிரிக்கவே முடியாதாலா?"

"பழைய தாளு பாக்கற எடத்துல கேட்டுப் பாத்தோம்பா. முடியாதாம்."

"ஓ" என்றார் அப்பா. "அங்க குளிருதா?" என்று கேட்டார். நீ ஆமாம் என்றாய். அப்புறம் நீங்கள் இருவரும் வெகுநேரம் குளிரைப் பற்றிப் பேசினீர்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தாளை யாரும் பிரிக்கவில்லை. இங்க்ரிட் அம்மா அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். அதைச் செய்தது நீதான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.